குரல் இல்லாத நிரை

ஆறாவது தடவையும் கெட்டுப்போனது. கெடுத்தவர் பவனேஷின் அப்பா.

"ஹோ...ய்!" என்று எண்ணெய்ப் பழம் காய்க்கும் செம்பனை மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் நீளமாக எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மட்டையொன்று சரசரவென்று சரிந்தது, அதன் பின்னாலேயே குலை தொப்பென்று விழுந்தது. நித்தியா கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக் கோபத்தை விழுங்குகிற பழக்கம் அவளுக்கு உண்டு. இன்றைக்கு அதுவும் உதவவில்லை.

"யாருலா அந்த ஆளு? ஒவ்வொரு டேக்லயும் கரெக்டா அந்த இடத்துல கத்துறாரு! வேற வேலையே இல்லையா?"

"எங்கப்பா," என்றான் பவனேஷ்.

நித்தியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜீவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பவனேஷும் சிரித்து வைத்தான். ஆனால் 'அந்த ஆளு' என்ற சொல் அவனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. நித்தியா மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு வந்தது அப்பா மேல்.

மூன்று பேரும் ரவாங்கில் ஒரு கல்லூரியில் ஊடகப் படிப்பு படிக்கிறவர்கள். விரிவுரையாளர் புனிதவதி இந்தப் படிப்புத் தவணைக்குக் கொடுத்த வேலை இதுதான்: ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடம். முழுப் படம் வேண்டாம், கதை வேண்டாம், தொடக்கம் மட்டும் போதும். கொலைகாரன் முகத்தைக் காட்டாதே. வெளிச்சத்தை ஒரு பக்கமாக வை. இசையைப் போட்டு ஏமாற்றாதே. முதலில் அமைதி, பிறகு ஒரே ஒரு சத்தம், உடனே படத்தின் பெயர். இப்படி வகுப்பில் அடுக்கிக்கொண்டே போனவர், கடைசியில் மேசையைத் தட்டிச் சொன்னார்: "பாக்கிறவனுக்குத் தெரியணும். நடக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. பயம் அந்த எடத்துலதான் இருக்கு."

மற்ற மாணவர்கள் கார் நிறுத்துமிடத்துக்கும் அடுக்குமாடிப் படிக்கட்டுக்கும் ஓடினார்கள். பவனேஷ்தான் வாயைத் திறந்து, "எங்க தோட்டத்துல எடுக்கலாம்லா, செம்பனைக்குள்ள பட்டப்பகல்லயே இருட்டா இருக்கும்," என்றான். நித்தியாவின் கண் விரிந்தது. ரவாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்பது அவளுக்கு அப்பா சொல்லித் தெரியும், அவ்வளவுதான். இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் ஜீவனின் காரில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குலை வெட்டு நடக்கும்போது வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம், மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பவனேஷின் அப்பா சுகுமாறன் அதைத் தெரிந்தேதான் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். "மண்டோரு அந்தப் பக்கம் இருக்காரு. சீக்கிரம் எடுத்துட்டு ஓடிருங்க," என்று மகனின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

நித்தியா யோசித்து வைத்திருந்தது நல்ல யோசனைதான். கேமராதான் கொலைகாரனின் கண். இரண்டு மர நிரைக்கு நடுவே ஜீவன் தனியாக நடப்பான், கேமரா அவன் முதுகைப் பார்த்தபடி மரத்துக்கு மரம் ஒளிந்து பின்தொடரும். இலை அசைகிற சத்தம், காலடி, மூச்சு, அவ்வளவே. பவனேஷின் வேலை ஒலி. நீளக் கழியின் நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே வர வேண்டும். "அப்பனுக்கு ஒரு கழி, மகனுக்கு ஒரு கழி," என்று ஜீவன் கிண்டலடித்தான். உண்மையில் பார்ப்பதற்கும் அப்படித்தான் இருந்தது. சுகுமாறனின் கழி நுனியில் வளைந்த அரிவாள், மகனின் கழி நுனியில் பஞ்சு சுற்றிய மைக்.

எல்லாம் சரி, அப்பா குரல் கொடுப்பதை என்ன செய்வது?

தோட்டத்தில் அது வெறும் கத்தல் இல்லை. செம்பனை வெட்டுகிறவன் நாள் முழுக்க அண்ணாந்துதான் நிற்கிறான். இரண்டு மாடி உயரத்தில் மட்டைகளுக்குள் புதைந்திருக்கும் குலையின் காம்பைக் கழி நுனி அரிவாளால் இழுத்து அறுக்க வேண்டும். கண்ணை ஒரு நொடி கீழே இறக்கினால் குலை அவன் தலையிலேயே விழும். உதிரிப் பழம் பொறுக்குகிறவளோ நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறாள். ஒருவருக்கு மேலே மட்டும் தெரியும், இன்னொருவருக்குக் கீழே மட்டும் தெரியும். நடுவில் அந்தக் குரல் ஒன்றுதான் இருக்கிறது. விழுகிற குலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கனம் இருக்கும், உடம்பெல்லாம் முள். அதனால் அறுப்பதற்கு முன்னால் வெட்டுகிறவன் குரல் கொடுப்பான். குரல் வந்த பக்கத்தை விட்டு விலகிப் போ, குரல் வராத பக்கம் பயமில்லாமல் நட. தோட்டத்துப் பிள்ளைகள் எழுத்து படிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடுவார்கள். பவனேஷும் அம்மா இடுப்பில் இருந்தபோதே படித்தவன்தான்.

சுகுமாறனுக்கு உதிரி பொறுக்குகிறவள் வேறு யாருமில்லை, அவர் மனைவி கண்மணிதான்.

பவனேஷ் கழியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போனான். அவர் மரத்தடியில் நின்று போத்தல் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ப்பா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்கப்பா. ரெக்கார்டிங் கெட்டுப்போவுது."

"சத்தம் போடாம எப்படிடா வெட்றது?" என்று சிரித்தார் சுகுமாறன்.

"ஒரே ஒரு டேக் தான்பா. அவங்க ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க."

கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டான். சுகுமாறன் வாயைத் துடைத்துக்கொண்டு மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தூரத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"சரிலா. அம்மா பழம் சேக்கிற மேடைக்குப் போயிருக்கா, கொட்டிட்டு வர நேரமாவும். இன்னும் ரெண்டு மரந்தான் இந்த நிரையில. வாய மூடிக்கிட்டு வெட்டிர்றேன். அம்மா வந்தா நீ பாத்து நிறுத்து, என்னா?"

"சரிப்பா."

"பாப்பதானே?"

"பாக்கிறேன்பா, போங்க."

இப்படிச் சொல்லிவிட்டு வந்தவன் நித்தியாவிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். 'அப்பாவிடம் வெட்டையே நிறுத்தச் சொல்லியிருக்கலாமே' என்று கேட்கலாம். வெட்டை நிறுத்தச் சொன்னால் மண்டோர் அர்ஜுனன் வந்து நிற்பார், விளக்கம் கேட்பார், வெளியாட்களைப் பார்ப்பார். குரலை மட்டும் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. பவனேஷுக்கு அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

ஏழாவது தடவை தொடங்கியது.

என்ன அமைதி! ஹெட்போனுக்குள் தோட்டம் முழுவதும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜீவனின் காலணி காய்ந்த மட்டையில் படுகிற நொறுக். அவன் மூச்சு. எங்கோ ஒரு பறவை இரண்டு தடவை கூவிவிட்டு நிறுத்திக்கொண்டது. நித்தியா இடது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இறங்குகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. முதல் முறையாகப் பவனேஷின் முதுகுத்தண்டு சில்லிட்டது. படம் நன்றாக வருகிறது என்று அவன் மகிழ்ந்தான்.

மைக்கை மெதுவாக வலப்பக்கம் திருப்பினான். அந்தக் கருவி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துச் சத்தத்தைத்தான் அள்ளும். வலப்பக்கம் அப்பாவின் அரிவாள் கேட்டது. க்ரீச், க்ரீச் என்று காம்பில் விழுகிற இழுவை. குரல் இல்லாமல் அந்தச் சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஏதோ செய்யக் கூடாததைச் செய்கிற சத்தம் மாதிரி இருந்தது. வேண்டாமென்று மைக்கை இடப்பக்கம் திருப்பினான்.

கீ... கீ... கீ...

எண்ணெய் காணாத ஒற்றைச் சக்கரம். அம்மாவின் தள்ளுவண்டி.

பவனேஷ் சாலைப் பக்கம் பார்த்தான். அம்மா எப்போதும் அந்த வழியாகத்தான் வருவாள். அங்கே யாரும் இல்லை. சத்தம் வந்தது கால்வாய்ப் பக்கத்திலிருந்து. பலகைப் பாலத்தைத் தாண்டி, அவனுக்கு முன்னால் கடந்து அப்பாவின் மரத்துக்குப் போகிற குறுக்கு வழியில் வருகிறாள். நேரமாகும் என்று அப்பா சொன்னாரே! மேடையில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையோ, மகன் வந்திருக்கிறான் என்ற ஆசையில் வேகமாகத் திரும்பிவிட்டாளோ, யாருக்குத் தெரியும்.

மைக்கை வலப்பக்கம் திருப்பினான். க்ரீச். இடப்பக்கம். கீ, கீ. சக்கரத்தின் சத்தம் பெரிதாகிக்கொண்டு வந்தது. நடுநடுவே சக்கரம் நிற்கும், அம்மா குனிந்து உதிரியைப் பொறுக்கிப் போடுகிற டொக் டொக் கேட்கும், மறுபடி கீ, கீ. ஒரு குரலும் கேட்காததால் அவள் நிம்மதியாக வந்துகொண்டிருந்தாள். புருஷன் தண்ணீர் குடிக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

நடக்கிறவளுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்தது.

நித்தியாவின் கை இன்னும் உயரத்திலேயே இருந்தது. ஜீவன் மிக அழகாக நடந்துகொண்டிருந்தான், தோள்கூடப் பயந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். அம்மா அந்த மரத்துக்குப் போக மாட்டாள், அதற்கு முந்தின மரத்தடியில் உதிரி நிறையக் கிடக்கிறது, அங்கேயே நின்றுவிடுவாள். இப்படி அவன் மனம் அவனுக்கே கதை சொன்னது. இரண்டு மூச்சு நேரம் அந்தக் கதையை அவன் நம்பினான். அந்த இரண்டு மூச்சை அவனால் இனி எந்தக் காலத்திலும் திருப்பி வாங்க முடியாது.

அரிவாளின் சத்தம் மாறியது. க்ரீச் போய், நார் நாராகக் கிழிகிற ஒரு முனகல். காம்பு அறுபடத் தொடங்கிவிட்டது.

பவனேஷ் கத்தினான்.

'அம்மா' என்று கத்தியிருக்கலாம். 'நிறுத்துங்கப்பா' என்று கத்தியிருக்கலாம். பாழாய்ப்போன பயம் வார்த்தைகளை எல்லாம் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டது. தோட்டத்தில் பிறந்த தொண்டையிலிருந்து, செம்பனைக்கு அடியில் ஆபத்தென்றால் எது வருமோ அதுதான் வந்தது.

"ஹோ...ய்!"

அப்பாவின் குரல் அப்படியே. அவனுக்கே அது தூக்கிவாரிப் போட்டது.

அவனுக்கும் அப்பாவின் மரத்துக்கும் நடுவே, மரங்களின் இடைவெளியில், அம்மாவின் மஞ்சள் தலைத்துண்டு தெரிந்தது. அவள் சட்டென்று நின்றாள். அவள் தலை அவன் இருந்த பக்கம் நிமிர்ந்தது. குரல் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அப்படியானால் குலை இந்தப் பக்கம்தான் விழப்போகிறது. இத்தனை வருடமாக அவளைக் காப்பாற்றிய கணக்கு அது. வண்டியின் கைப்பிடியைத் தூக்கித் திருப்பினாள். குரல் வராத பக்கம், பயமில்லாத பக்கம், விறுவிறுவென்று நடந்தாள். நேராகச் சுகுமாறனின் மரத்தடிக்கு.

"அம்மா! போவாத! அங்க போவாதம்மா!"

முதலில் மட்டை இறங்கியது. அவன் கத்தியதெல்லாம் அந்தச் சரசரப்பில் போய்விட்டது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம், ஹெட்போனுக்குள் காது கிழிகிற மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. சக்கரம் இல்லை, அரிவாள் இல்லை.

நித்தியாவின் கை இன்னும் இறங்கவில்லை. அவளுக்கு என்ன நடந்ததென்று புரியவில்லை, பாவம்.

பவனேஷ் ஓடினான். ஹெட்போனின் கம்பி கழுத்தை இழுத்து அறுந்தது. கழி எங்கே விழுந்ததென்று தெரியாது. அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பா மட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மட்டையின் முள் உள்ளங்கையில் ஏறி ரத்தம் வழிந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. "கண்மணி! கண்மணி! ஏய், கண்மணி!" என்றார். அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பவனேஷ் கேட்டதே இல்லை. அதைக் கேட்டபோதுதான் அம்மா செத்துவிட்டாள் என்று அவன் முடிவு செய்தான்.

மட்டை புரண்டது. வண்டி நசுங்கிக் கிடந்தது, பழமெல்லாம் சிதறியிருந்தது. குலை வண்டியில் பாதி, அம்மாவின் தோளில் பாதியாக விழுந்து உருண்டிருந்தது. அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அப்பா அவள் மூக்கடியில் விரலை வைத்தார். மூச்சு வருகிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. மறுபடி வைத்தார்.

"ஆ..." என்றாள் அம்மா.

பவனேஷ் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். நித்தியாவும் ஜீவனும் ஓடி வந்து இரண்டு மரம் தள்ளி நின்றார்கள். சுகுமாறன் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கார எடுத்துக்கிட்டு ஓடிருங்க. கேமராவ உள்ள வைங்க. நீங்க இங்க வரவே இல்ல."

"அங்கிள், நாங்க ஆஸ்பத்திரிக்கு..."

"போங்கன்னு சொல்றேன்ல!"

அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததுதான் தாமதம், மோட்டார் சைக்கிளில் மண்டோர் அர்ஜுனன் வந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்தவர். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துக் கைப்பேசியை எடுத்துப் பிக்கப் வண்டியை வரச் சொன்னார். அதன் பிறகுதான் சுகுமாறன் பக்கம் திரும்பினார்.

"கொரல் கொடுத்தியா இல்லியா?"

"கொடுத்தேன்."

"கொடுத்தா எப்படி அவ மரத்துக்கடியில வருவா? எனக்கும்தான் கேட்டுச்சு. அந்தப் பக்கமில்ல கேட்டுச்சு?"

பவனேஷ் எழுந்தான். "மண்டோரே, அது..." என்று தொடங்கினான். அப்பா அவனைப் பார்த்தார். அடிக்கிற பார்வை இல்லை அது. கெஞ்சுகிற பார்வை. அப்பா தன்னிடம் கெஞ்சுவார் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அந்த மரத்துக்குத்தான் கொடுத்தேன்," என்றார் சுகுமாறன். "அப்புறம் மனசு மாறி இந்த மரத்துல போட்டுட்டேன். மறுபடி கொடுக்கல. என் தப்புதான்."

"இத்தன வருசமா வெட்றவன் பேசுற பேச்சாடா இது?" அர்ஜுனனுக்கு முகம் சிவந்தது. "செத்திருந்தா? அருவாள குடு. இனிமே ஒனக்கு வெட்டு கெடையாது. திங்கக்கெழம ஒரம் போடுற கூட்டத்துல போயி நில்லு."

செம்பனை வெட்டுகிறவனிடம் அரிவாளைக் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தத் தோட்டத்தில் சுகுமாறன் வெட்டின நிரையைப் புது ஆட்களுக்குக் காட்டுவார்கள், அவ்வளவு சுத்தம். அவர் ரத்தக் கையோடு கழியிலிருந்து அரிவாளைக் கழற்றிக் கொடுத்தார்.

அர்ஜுனன் குனிந்தார். "கண்மணி, நீ சொல்லு. இவன் கொரலுதானா அது?"

அம்மா கண்ணைத் திறந்தாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள், அவன் கழுத்தில் அறுந்து தொங்கிய கம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவன் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"அவரு கொரலுதான்," என்றாள். "வேற யாரு இருக்கா இங்க?"

அவளுக்கு உண்மையில் அப்படித்தான் கேட்டதா, தெரிந்துகொண்டே சொன்னாளா? பவனேஷுக்கு அது தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

பிக்கப் வந்தது. பின்பக்கத்தில் மெத்தை மாதிரி சாக்குகளைப் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். பவனேஷ் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். சுகுமாறன் எதிரே கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். மண் பாதையின் ஒவ்வொரு குழியிலும் அம்மா பல்லைக் கடித்தாள். ஒவ்வொரு கடிக்கும் பவனேஷ் செத்துச் செத்துப் பிழைத்தான்.

தார்ச் சாலை வந்ததும் வண்டியின் ஆட்டம் குறைந்தது. அம்மா இடது கையால் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவன் காதை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"கொரலக் கேட்டா காலு தானா நவுந்துருதுடா," என்றாள். மூச்சு வாங்கியது. "யாரு கொரலுன்னு அப்புறந்தான் மண்டையில ஏறுது."

"ம்மா..." என்றான் அவன், கரகரத்த குரலில்.

"தொண்ட கட்டியிருக்கு ஒனக்கு. ரவாங்குல ஐஸ் தண்ணிதான் குடிக்கிறியா? சொன்னா கேக்கறதில்ல." கொஞ்சம் நிறுத்தி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அப்பாகிட்ட எதையும் பேசப் போயிறாத. அவரு தாங்க மாட்டாரு."

சுகுமாறனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பவனேஷ் அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வருவதற்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.